டெக்சாஸில் பன்றிக்கும் மானுக்கும் முதல் ரைபிள்: குண்டிலிருந்து தொடங்குங்கள்

டெக்சாஸில் மானும் காட்டுப்பன்றியும் பெரும்பாலும் 150 கஜத்துக்குள்தான் சுடப்படுகின்றன. மாநிலத்தின் நிலத்தில் சுமார் 95 சதவீதம் தனியாருடையது. அதனால் வேட்டை என்றால் பெரும்பாலும் ஒரு பண்ணைக்காரரிடம் குத்தகையாகவோ நாள் கட்டணமாகவோ பணம் கட்டி அனுமதி வாங்குவது, மக்காச்சோளம் தூவும் ஃபீடருக்கு 80, 100 கஜம் தள்ளி நிற்கும் மறைவுக் கூண்டில் உட்கார்ந்து காத்திருப்பது என்றுதான் இருக்கும். கடையில் 600 கஜத்துக்கு எட்டும் ரைபிளை எடுத்துக் காட்டுவார்கள். உங்களுக்கு அங்கே வேலை இல்லை.

புதியவர்கள் பலர் முதலில் துப்பாக்கியைப் பிடித்துப் பார்த்துப் பிடித்துப்போய் வாங்கிவிடுகிறார்கள். தோட்டா கடைசியில், கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் எது மலிவோ அது. இந்த வரிசை தலைகீழானது. விலங்கின் உடம்புக்குள் போய் வேலை செய்வது குண்டு. எந்த விலங்கு, அதற்கு எந்தக் குண்டு, அந்தக் குண்டைத் தேவையான வேகத்தில் அனுப்ப எந்தத் தோட்டா, அந்தத் தோட்டாவின் உதையை உங்கள் தோள் கூசாமல் தாங்குமா என்று பார்த்துக்கொண்டே வந்தால், கடைசியில் துப்பாக்கி தானாக முடிவாகிவிடும்.

இங்கே சொல்வது டெக்சாஸுக்கு மட்டும். தமிழ்நாட்டில் மானையும் காட்டுப்பன்றியையும் தனியாள் வேட்டையாடுவது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

முதலில் சட்டம், விசாவில் இருப்பவர்கள் இரண்டு முறை படிக்கவும்

2019 செப்டம்பர் 1 முதல், தனியார் நிலத்தில் உரிமையாளரின் அனுமதியோடு காட்டுப்பன்றி சுட டெக்சாஸில் வேட்டை உரிமம் தேவையில்லை. பன்றிக்குப் பருவமும் கிடையாது, எண்ணிக்கை வரம்பும் கிடையாது, இரவிலும் சுடலாம். இதைக் கேட்டுவிட்டு எச்-1பி, எஃப்-1 போன்ற விசாவில் இருக்கும் நம்மவர்கள் உரிமம் எடுக்காமல் நண்பரோடு கிளம்பிவிடுகிறார்கள். மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான்.

குடியேற்றமல்லாத விசாவில் வந்தவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதையே கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. அதற்குள்ள விலக்குகளில் சாதாரணமாக நமக்குப் பொருந்துவது ஒன்று: அமெரிக்காவில் முறையாகக் கொடுக்கப்பட்ட, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருக்க வேண்டும். பன்றி சுட மாநிலம் உரிமம் கேட்காவிட்டாலும், நீங்கள் துப்பாக்கியைத் தொடுவதற்கே அந்த உரிமம் வேண்டும். நண்பரின் துப்பாக்கியை வாங்கி இரண்டு முறை சுட்டுப் பார்ப்பதும் 'வைத்திருத்தல்' கணக்கில் வரும். டெக்சாஸ் வேட்டை உரிமம் எப்போது வாங்கினாலும் ஆகஸ்ட் 31-ல் முடிந்துவிடும். செப்டம்பர் 1 அன்று புது உரிமம் இல்லாமல் அலமாரியில் ரைபிள் இருந்தால், சுடவே இல்லை என்றாலும் சிக்கல்தான். விசா நிலையில் ஏதாவது குழப்பம் இருந்தால் வாங்குவதற்கு முன் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டுவிடுங்கள். பச்சை அட்டை வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

கடையில் 4473 என்ற துப்பாக்கி வாங்கும் படிவத்தை நிரப்ப வேண்டும், பின்னணிச் சோதனை நடக்கும். விசாவில் இருப்பவர் வேட்டை உரிமத்தையும் ஐ-94 (அமெரிக்காவுக்குள் வந்ததற்கான பதிவு) எண்ணையும் கொண்டுபோக வேண்டும். கடையில் ரைபிள் வாங்க வயது 18.

1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பயிற்சி வகுப்பு முடித்திருக்க வேண்டும். 17 வயது நிரம்பியவர்கள் அதை முழுவதும் இணையத்திலேயே முடிக்கலாம். ஆனாலும் நேரில் போய்ப் படிப்பது நல்லது. வெற்றுத் துப்பாக்கியை இன்னொருவர் கையில் எப்படிக் கொடுப்பது, வேலியை எப்படித் தாண்டுவது என்பதெல்லாம் திரையில் பார்த்துக் கையில் வருவதில்லை.

மானுக்கு உரிமம் கட்டாயம். வெள்ளைவால் மானுக்கான பொதுப் பருவம் நவம்பர் முதல் சனிக்கிழமை தொடங்கி ஜனவரி வரை போகும். சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிருந்து அஸ்தமனத்துக்கு அரை மணி பின்பு வரை மட்டுமே சுடலாம். பெண் மான், கொம்பு அகலம் பற்றிய விதிகள் மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். உங்கள் நிலம் எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்று பார்த்து, டெக்சாஸ் பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் துறையின் அந்த ஆண்டு விதிகளைப் படியுங்கள். மானை .22 லாங் ரைபிள் போன்ற ரிம்ஃபயர் (கூட்டின் விளிம்பில் அடித்து வெடிக்கும்) தோட்டாவால் சுடக்கூடாது. சென்டர்ஃபயர் (அடியின் நடுவில் அடித்து வெடிப்பது) என்றால் குறைந்தபட்ச அளவு எதையும் சட்டம் சொல்லவில்லை. சட்டம் விட்டுவிட்ட இடத்தில் பொறுப்பு நம் கையில் வந்துவிடுகிறது.

மான் உடம்பும் பன்றி உடம்பும் ஒன்றல்ல

டெக்சாஸ் மான் பெரிய விலங்கல்ல. மத்திய டெக்சாஸின் ஹில் கன்ட்ரி பகுதியில் கிடா மானே 100 பவுண்டைச் சுற்றித்தான் இருக்கும். தெற்கே போனால் கனம் கூடும். விலா எலும்பு மெல்லியது. இதயமும் நுரையீரலும் சேர்ந்த இலக்கு ஏறக்குறைய 8 அங்குல வட்டம். மான் பக்கவாட்டில் நிற்கும்போது முன்னங்காலுக்குச் சற்றே பின்னால், நெஞ்சின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு மேலே குறிவைக்க வேண்டும்.

அதே இடத்தைப் பன்றியில் குறிவைத்தால் வயிற்றிலோ ஈரலிலோ படும். பன்றியின் இதயமும் நுரையீரலும் மானைவிட முன்னால் தள்ளி, கீழே இறங்கி, இரண்டு முன்சப்பைகளுக்கு நடுவே இருக்கின்றன. முன்னங்காலின் நடுக்கோட்டிலேயே மேலே போய், மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் சுட வேண்டும். அப்படியென்றால் குண்டு தோள் எலும்பைத் தாண்டியாக வேண்டும். முதிர்ந்த ஆண் பன்றிக்கு அந்த இடத்தில் தோலுக்கு அடியில் கெட்டியான குருத்தெலும்புக் கவசம் வளர்ந்திருக்கும். ஆண் பன்றிகள் கோரைப் பல்லால் ஒன்றையொன்று குத்திச் சண்டையிடும்போது காப்பது அதுதான். அதன் மேல் காய்ந்த சேறு, முரட்டு மயிர். உள்ளே கொழுப்பு வேறு. குண்டு போன துளையைக் கொழுப்பு அடைத்துக்கொள்வதால் தரையில் ரத்தத் தடம் விழாது. நல்ல அடி பட்ட பன்றிகூட 60 கஜம் ஓடிப் புதருக்குள் விழுந்தால் கண்டுபிடிக்க முடியாமல் போவது இதனால்தான்.

ஆகவே ஒரே ரைபிளால் இரண்டையும் சுட நினைப்பவர், மானுக்குப் போதுமா என்று பார்க்கக்கூடாது. பன்றியின் தோளைத் துளைத்து மறுபக்கம் வெளியே வருமா என்று பார்க்க வேண்டும். மறுபக்கத் துளை இருந்தால்தான் ரத்தம் வழியும், தடம் கிடைக்கும்.

குண்டு

பேச்சில் தோட்டா, குண்டு இரண்டையும் கலந்து சொல்கிறோம். கடையில் கலக்கக்கூடாது. பித்தளைக் கூடு, பிரைமர் (அடித்ததும் தீப்பொறி தரும் மூடி), வெடிமருந்து, குண்டு நான்கும் சேர்ந்தது தோட்டா. குழலிலிருந்து பறந்து போவது மட்டும் குண்டு. குண்டின் எடை கிரெயினில் எழுதப்பட்டிருக்கும். ஒரு பவுண்டுக்கு 7000 கிரெயின். 150 கிரெயின் குண்டு 10 கிராமுக்குச் சற்றுக் குறைவு.

முழுச் செம்புறை போட்ட குண்டை, பெட்டியில் எஃப்.எம்.ஜே. என்று எழுதியிருப்பதை, வேட்டைக்குக் கொண்டுபோகாதீர்கள். மலிவு என்பதால் பயிற்சிக்கு வாங்குவது, அதுவே பையில் தங்கிவிடும். அது விரியாமல் ஊசிபோல் துளைத்துக்கொண்டு போகும். விலங்கு மைல் கணக்கில் ஓடி மெதுவாகச் சாகும். 'மேட்ச்' என்று எழுதிய போட்டிக் குண்டும் வேண்டாம். தாளில் ஒரே துளையாக விழுவது வேறு, தோள் எலும்பில் பட்டுச் சிதறாமல் உள்ளே போவது வேறு.

வேட்டைக்கான குண்டுகளில் மூன்று கட்டமைப்புகளைத் தெரிந்துகொண்டால் போதும்.

பழைய வகை, ஈய உள்ளீட்டுக்குச் செம்புறை போட்டு முனையைத் திறந்துவைத்த குண்டு. ரெமிங்டன் கோர்-லாக்ட், ஃபெடரல் பவர்-ஷாக், வின்செஸ்டர் பவர்-பாயிண்ட் எல்லாம் இதுதான். மானுக்கு இதைவிட வேறு வேண்டியதில்லை. விலையும் குறைவு. .308 போன்ற நடுத்தரத் தோட்டாவில் 150 கிரெயினுக்கு மேல் எடுத்தால் பெரும்பாலான பன்றிகளுக்கும் சரிப்படும். பெரிய ஆண் பன்றியின் தோளில், கிட்டத்தில், வேகம் அதிகமாக இருக்கும்போதுதான் இது தடுமாறும்: உறை ஓரிடம், ஈயம் ஓரிடம் என்று பிரிந்து பாதியில் நின்றுவிடும்.

இரண்டாவது, உறையையும் ஈயத்தையும் பிரியாமல் பிணைத்த குண்டு. ஃபெடரல் ஃப்யூஷன், நாஸ்லர் அக்யூபாண்ட் இந்த வகை. விரியும், ஆனால் எடையைப் பெரும்பாலும் இழக்காது. பன்றி, மான் இரண்டுக்கும் ஒரே பெட்டி என்று கேட்பவர்களுக்கு எங்கள் பதில் இதுதான்.

மூன்றாவது, ஈயமே இல்லாத முழுச் செம்புக் குண்டு. பார்ன்ஸ் டிடிஎஸ்எக்ஸ், ஹார்னடி சிஎக்ஸ், ஃபெடரல் ட்ராஃபி காப்பர் போன்றவை. பூப்போல நான்கைந்து இதழாக விரிந்து ஆழமாகப் போகும், எடை ஏறக்குறைய அப்படியே நிற்கும். செம்பு ஈயத்தைவிட லேசு என்பதால் அதே எடையில் குண்டு நீளமாகிவிடும். விரிய வேகமும் கூடுதலாக வேண்டும். அதனால் ஈயத்தில் எடுக்கும் எடைக்கு ஒரு படி கீழே எடுங்கள். .308-ல் 150-க்குப் பதில் 130 கிரெயின்.

வீட்டில் சிறு குழந்தைகளோ கர்ப்பிணிகளோ அந்தக் கறியைச் சாப்பிடப் போகிறார்கள் என்றால் செம்பைத் தவிர வேறு யோசிக்காதீர்கள். ஈயக் குண்டு உள்ளே உடையும்போது கண்ணுக்குத் தெரியாத துகள்கள் காயத்திலிருந்து பல அங்குலம் தள்ளிக்கூடப் போய்க் கறியில் தங்குகின்றன. கழுவினால் போகாது, சமைத்தாலும் போகாது. கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் வேட்டைக்கு ஈயக் குண்டு முற்றிலும் தடை. காண்டர் கழுகுகள் ஈயத்தால் செத்ததுதான் அதற்கு முக்கியக் காரணம். டெக்சாஸில் மானுக்கும் பன்றிக்கும் அப்படி ஒரு தடை இல்லை. ஒரு பெட்டிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் சில டாலர் குழந்தையின் தட்டுக்காக என்று நினைத்துக் கொடுங்கள்.

எந்தத் தோட்டா

இணையத்தில் இதைப் பற்றி நடக்கும் சண்டைக்கு முடிவே இல்லை. 150 கஜத்துக்குள் நடுத்தரத் தோட்டாக்களுக்கிடையே விலங்குக்குத் தெரியும் வித்தியாசம் மிகக் குறைவு. வித்தியாசம் உங்கள் தோளுக்குத்தான் தெரியும். ஏழரை பவுண்ட் ரைபிளில் .243 வின்செஸ்டரின் உதை ஏறக்குறைய 10 அடி-பவுண்ட், 6.5 கிரீட்மூர் 12, 7 மிமீ-08 14, .308 வின்செஸ்டர் 17, .30-06 20-க்கு மேல், .300 வின்செஸ்டர் மேக்னம் 26-க்கு மேல். துப்பாக்கியை அதிகம் சுட்டுப் பழகாதவர் 20-ஐத் தாண்டினால் கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுக்க ஆரம்பிப்பார். அதற்குப் பிறகு எவ்வளவு பெரிய குண்டும் உதவாது.

புதியவருக்கு மூன்றே பெயர் சொல்கிறோம்: .308, 7 மிமீ-08, 6.5 கிரீட்மூர். இதில் .308-ன் பலம், எந்தக் கிராமத்துக் கடையிலும் தோட்டா கிடைக்கும். 150 அல்லது 165 கிரெயின் பிணைத்த குண்டு பன்றித் தோளைத் தயங்காமல் கடக்கும். 7 மிமீ-08-ல் 140 கிரெயின் அதே வேலையை இன்னும் மெல்லிய உதையில் செய்யும், ஆனால் கடை அலமாரியில் வகைகள் குறைவு. 6.5 கிரீட்மூர் 2007-ல் போட்டித் துப்பாக்கிக்காக வந்தது, இன்று எங்கும் கிடைக்கிறது. அதில் 140 கிரெயினைச் சுற்றி வாங்குங்கள், ஆனால் பெட்டியில் வேட்டைக் குண்டு என்றிருக்கிறதா என்று பாருங்கள். இந்தத் தோட்டாவில் போட்டிக் குண்டுப் பெட்டிகள்தான் அலமாரியை அடைத்துக்கொண்டிருக்கும்.

உடல்வாகு சிறியவர்களுக்கும் பதின்பருவப் பிள்ளைகளுக்கும் .243 நல்லது. 95, 100 கிரெயின் குண்டு மானுக்குத் தாராளம். பன்றி என்றால் பிணைத்த குண்டோ செம்போ மட்டும், பெரிய ஆண் பன்றி கோணலாக நின்றால் சுடாமல் விட வேண்டும்.

வீட்டில் ஏற்கெனவே .223 தோட்டா சுடும் ஏஆர்-15 அரைத் தானியங்கி ரைபிள் இருக்கிறது, அதை வைத்து முடியுமா என்று கேட்பார்கள். முடியும், வரம்புக்குள். 60 கிரெயினுக்கு மேல் பிணைத்த குண்டு அல்லது செம்பு, 100 கஜத்துக்குள், அசையாமல் பக்கவாட்டில் நிற்கும் விலங்கு. கூட்டமாக வரும் பன்றிகளில் இரண்டு மூன்றைச் சுட அரைத் தானியங்கி வசதிதான். ஆனால் முதல் வேட்டைத் துப்பாக்கியாக .223-ஐத் தேர்ந்தெடுத்து வாங்க வேண்டாம். பழைய .30-30 லீவர் ரைபிள் யாராவது கொடுத்தால் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். 1895-லிருந்து மானைச் சுட்டுவரும் தோட்டா, 125 கஜம் வரை குறையே சொல்ல முடியாது.

ஆளைக் கொல்லக்கூடிய தவறு ஒன்று உண்டு. .300 பிளாக்அவுட் தோட்டா .223 கூட்டிலிருந்து பிறந்தது. அதே மேகசினில் (தோட்டாப் பெட்டியில்) ஏறும், சில குண்டு வடிவங்களில் .223 ரைபிளின் அறையிலும் (தோட்டா உட்காரும் குழலின் பின்பகுதி) உட்கார்ந்துவிடும். சுட்டால் .30 அளவுக் குண்டு .22 அளவுக் குழலில் நுழைய முடியாமல் ரைபிள் வெடிக்கும். இரண்டு வகை ரைபிளும் இருக்கும் வீட்டில் மேகசின்களுக்கு வேறு வேறு நிறம் வைத்து, ஒரு நேரத்தில் ஒரு வகைத் தோட்டாவை மட்டும் மேசையில் வையுங்கள். அதே போல .30-06 அறைக்குள் .308 நுழையும், கூடு கிழியும். 5.56 ராணுவத் தோட்டாவை .223 என்று மட்டும் பொறித்த குழலில் போடக்கூடாது. ஒவ்வொரு முறையும் குழல் மேல் பொறித்திருப்பதையும் கூட்டின் அடியில் பொறித்திருப்பதையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

ரைபிள்

போல்ட் ஆக்‌ஷன் (ஒவ்வொரு சூட்டுக்கும் கைப்பிடியை இழுத்துத் தோட்டா ஏற்றும் வகை) வாங்குங்கள். ரூகர் அமெரிக்கன், சாவேஜ் ஆக்சிஸ், மாஸ்பெர்க் பேட்ரியட் இவையெல்லாம் குறைந்த விலையில் 100 கஜத்தில் ஒன்றரை அங்குலத்துக்குள் சுடக்கூடியவை. கொஞ்சம் கூடுதல் செலவழிக்க முடிந்தால் டிக்கா டி3எக்ஸ், ஹோவா 1500. மறைவுக் கூண்டின் சின்ன ஜன்னலில் 26 அங்குலக் குழல் இடிக்கும். 20 முதல் 22 அங்குலம் போதும். ஸ்கோப் இல்லாமல் ஆறரை, ஏழு பவுண்ட் எடை சரி. அதைவிட லேசான மலை ரைபிளை ஆசைப்பட்டு வாங்கினால் உதை கூடும், கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த லேசு எந்த லாபமும் தராது.

பின்கட்டையின் நீளத்தைப் பெரும்பாலோர் பார்ப்பதில்லை. விசையிலிருந்து கட்டையின் அடி வரை சாதாரணமாக 13½ அங்குலத்துக்குமேல் இருக்கும். உயரம் குறைந்தவருக்கு இது நீளம். கட்டை நீளமாக இருந்தால் தலையை முன்னால் நீட்டிக் கழுத்தை முறித்துக்கொண்டு ஸ்கோப்பைத் தேட வேண்டும், தோள்குழியில் கட்டை உட்காராமல் கைத்தசையில் உதைக்கும். கடையில் இப்படிப் பாருங்கள்: துப்பாக்கி காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்துகொண்டு, கண்ணை மூடி ரைபிளைத் தோளுக்கு ஏற்றி, கன்னத்தைச் சாய்த்துப் பிறகு கண்ணைத் திறங்கள். ஸ்கோப்பில் முழு வட்டம் தெரிய வேண்டும். ஓரத்தில் கறுப்புப் பிறை தெரிந்தால் கட்டை பொருந்தவில்லை, அல்லது ஸ்கோப்பின் இடம் மாற வேண்டும். பல மாடல்களில் 12½ அங்குலத்தைச் சுற்றிய 'காம்பாக்ட்' கட்டை கிடைக்கும். மெல்லிய சட்டையில் பாருங்கள், பிறகு ஜனவரியில் போடப்போகும் ஜாக்கெட்டோடும் பாருங்கள். இடக்கைக்காரர் இடக்கை போல்ட்டையே கேட்டு வாங்க வேண்டும்.

ஸ்கோப்

3-9x40 (3 முதல் 9 மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 40 மிமீ) போதும். பன்றி பெரும்பாலும் வெளிச்சம் மங்கிய பிறகுதான் வெளியே வரும் என்பதால், உருப்பெருக்கத்தைவிடக் கண்ணாடியின் தரத்துக்குப் பணம் கொடுங்கள். ரைபிள் மலிவாக இருக்கலாம். ஸ்கோப்பும் அதைப் பிடித்திருக்கும் வளையமும் மலிவாக இருக்கக்கூடாது. கூண்டில் உட்கார்ந்ததும் 3-ல் வைத்துக்கொள்ளுங்கள். 9-ல் விட்டுவிட்டால், 40 கஜத்தில் திடீரென்று வரும் விலங்கைப் பார்க்கும்போது ஸ்கோப் முழுக்க மயிர்தான் தெரியும், எது தோள் எது தொடை என்று பிடிபடாது.

ரைபிள் சரியாகச் சுடவில்லை என்று திருப்பிக் கொண்டுவருபவர்களில் பலருக்குக் குறை ஸ்கோப்பின் திருகாணிகளில்தான் இருக்கும். டார்க் ஸ்க்ரூடிரைவர் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் திருப்புளி) ஒன்று வாங்கிவிடுங்கள். ரைபிளின் மேல் பதியும் அடித்தகட்டுத் திருகாணிகளை எண்ணெய் துடைத்து 20 அங்குல-பவுண்ட் அளவிலும், வளையத் திருகாணிகளை 15 முதல் 18-க்குள்ளும், குறுக்கு வாட்டத்தில் மாற்றி மாற்றி இறுக்குங்கள். தயாரிப்பாளர் வேறு எண் சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். இறுக்குவதற்கு முன் 9-ல் வைத்துக் கண்ணுக்கும் கண்ணாடிக்கும் மூன்றரை அங்குலமாவது இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முதல் சூட்டிலேயே புருவம் கிழியும்.

ஜீரோ செய்வது

ஜீரோ செய்வது என்றால் ஸ்கோப்பில் குறிவைத்த இடத்திலேயே குண்டு விழும்படி ஸ்கோப்பைத் திருத்துவது. ஒரே வகைத் தோட்டாவில், ஒரே தயாரிப்பு எண் கொண்ட, 20 தோட்டா உள்ள பெட்டி மூன்று வாங்குங்கள். ஒன்று ஜீரோவுக்கு, ஒன்று பழக, ஒன்று வேட்டைக்கு. காதுக்குள் அடைப்பான், மேலே காதுமூடி, இரண்டும் போடுங்கள்; ரைபிள் சத்தம் 160 டெசிபலைத் தாண்டும், ஒரே வெடி செவியை நிரந்தரமாகக் கெடுக்கும்.

1. முன் மணல்பையில் துப்பாக்கியின் முன்கட்டை உட்கார வேண்டும், குழல் அல்ல. குழல் எதிலாவது பட்டால் குண்டு வேறெங்கோ போகும். பின்கட்டையின் அடிக்கு இன்னொரு பை.

2. 25 கஜத்தில் பெரிய தாள் வைத்து ஒன்று சுடுங்கள். 100 கஜத்தில் தொடங்கித் தாளிலேயே படாமல் பாதிப் பெட்டியை வீணாக்குவதுதான் எல்லோரும் செய்வது.

3. ஒரு கிளிக்குக்கு (ஸ்கோப் திருகின் ஒரு சொடுக்கு) கால் அங்குலம் நகர்த்தும் ஸ்கோப் என்றால் அந்தக் கணக்கு 100 கஜத்துக்கு. 25 கஜத்தில் ஓர் அங்குலம் நகர்த்த 16 கிளிக் வேண்டும். ஸ்கோப் குழலுக்கு ஒன்றரை அங்குலம் மேலே இருப்பதால், 25 கஜத்தில் நடுப்புள்ளியிலேயே விழவைத்தால் 100-ல் இரண்டரை அங்குலம் உயரே போகும். இங்கே குண்டு அரை முதல் முக்கால் அங்குலம் கீழே படுவதுபோல் நிறுத்துங்கள்.

4. 100 கஜத்துக்குப் போய் மூன்று சுட்டு, மூன்றுக்கும் நடுவைக் கணக்கில் எடுத்துத் திருத்துங்கள். ஒவ்வொரு குண்டுக்கும் திருத்தினால் முடிவே வராது. மூன்று சுட்டதும் குழல் கை வைக்கமுடியும் அளவுக்கு ஆறும்வரை காத்திருங்கள். மெல்லிய வேட்டைக் குழல் சூடானால் குண்டு விலகும்.

5. கடைசியில் குழல் முழுவதும் ஆறியபின் ஒன்று. வேட்டையில் நீங்கள் சுடப்போவது அந்த முதல் குண்டைத்தான், அது எங்கே விழுகிறது என்பதே முக்கியம்.

100 கஜத்தில் சரியாக ஜீரோ செய்த .308, 150 கிரெயின் குண்டு, 150 கஜத்தில் ஓர் அங்குலத்துக்குச் சற்று அதிகமாகவும் 200-ல் நான்கு அங்குலத்துக்குள்ளும் இறங்கும். 150 கஜம் வரை குறியை மாற்றவே தேவையில்லை. குண்டு வகையை மாற்றினால், ஈயத்திலிருந்து செம்புக்குப் போனால், எடை ஒன்றாக இருந்தாலும் மறுபடி ஜீரோ செய்ய வேண்டும்.

பழகுவதற்கான பெட்டியை மேசையிலேயே தீர்க்காதீர்கள். நாற்காலியில் உட்கார்ந்து, ஜன்னல் விளிம்புபோல் ஒன்றில் சாய்த்துச் சுடுங்கள். நண்பரிடம் ரைபிளைக் கொடுத்து, உங்களுக்குத் தெரியாமல் சில முறை போலித் தோட்டாவைப் போடச் சொல்லுங்கள். வெடிக்காத தோட்டாவில் துப்பாக்கி முனை கீழே குத்தினால் நீங்கள் உதைக்குப் பயந்து கூசுகிறீர்கள். வேட்டைக்குப் போகும் முன் அது நின்றாக வேண்டும். 100 கஜத்தில் அந்த நிலையிலிருந்து ஆறு அங்குலத் தட்டில் ஐந்துக்கு ஐந்து விழவில்லை என்றால் உங்கள் தூரம் 100 அல்ல, 70-ஓ 50-ஓ.

கூண்டில்

விலங்குக்குப் பின்னால் மண் தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். வானம் தெரிந்தால், மேட்டின் விளிம்பில் நின்றால், சுடாதீர்கள்; .30 அளவுக் குண்டு தடையில்லாமல் போனால் மூன்று மைல் வரைகூடப் போகும். பன்றிக் கூட்டத்தில் ஒன்றின் பின்னால் ஒன்று நிற்கும், குண்டு வெளியே வந்து பின்னால் நிற்கும் குட்டியையும் காயப்படுத்தும். விலகும்வரை பொறுங்கள்.

சுட்டதும் போல்ட்டை இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றுங்கள், கண்ணை எடுக்காதீர்கள். விலங்கு நின்ற இடத்தையும் கடைசியாகக் கண்ட புதரையும் மனத்தில் குறித்துக்கொண்டு, மான் என்றால் அரை மணி காத்திருங்கள். வயிற்றில் பட்டது என்று தோன்றினால், பச்சை கலந்த கசிவோ நாற்றமோ இருந்தால், நான்கு மணி நேரத்துக்குக் குறையாமல் விடுங்கள். உடனே துரத்தினால் அடுத்த பண்ணை வரை ஓடிவிடும், வேலி தாண்ட அந்த உரிமையாளரின் அனுமதி வேண்டும். காயம்பட்ட ஆண் பன்றியைத் தேடி அடர்ந்த புதருக்குள் தனியாகவோ இருட்டிலோ போகாதீர்கள்.

மான் விழுந்ததும் அதற்குரிய டேகை (உரிமத்தோடு வரும் அடையாளச் சீட்டை) அங்கேயே நிரப்பிக் கட்டுங்கள். சில பகுதிகளில் சிடபிள்யூடி (மானின் மூளையைத் தாக்கும் நோய்) சோதனைக்குத் தலையைக் கொண்டுபோக வேண்டியிருக்கலாம், அந்த ஆண்டு விதிகளைப் பாருங்கள்.

பன்றியை அறுக்கும்போது ரப்பர் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். டெக்சாஸ் பன்றிகளில் புரூசெல்லா கிருமி உண்டு, ரத்தம் வழியாகக் கைக்காயத்திலும் கண்ணிலும் நுழையும். வாரக்கணக்கில் விட்டுவிட்டு வரும் காய்ச்சலாக வெளிப்படும். டெக்சாஸ் வெயிலில் ஒரு மணி நேரத்துக்குள் குடலை எடுத்து, நெஞ்சுக்குள் ஐஸ் பைகளை வையுங்கள். ஈயக் குண்டு போட்டிருந்தால் காயத்தைச் சுற்றி ஒரு கை அகலத்துக்குத் தாராளமாக வெட்டி எறியுங்கள், அதை நாய்க்கும் போடாதீர்கள். கறியின் நடுப்பகுதி 71 டிகிரி செல்சியஸ் தொடும்வரை வேகவைக்க வேண்டும். சுக்கா வறுவலானாலும் முதலில் குக்கரில் வைத்து எடுத்துவிட்டால் அந்தக் கவலை இருக்காது.